நான்கு மணி நேர விருந்தாளிகள்

ரொறன்ரோவிலிருந்து கோடைச் சனிக்கிழமைகளில் விடியப்புறம் நாலு மணிக்கே கிளம்பும் வான்களில் கணிசமானவை வடமேற்கே ஓடுகின்றன. தூரம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ஓவன் சவுண்ட் நகரைத் தாண்டியதும் பட்டினத்தின் சுவடு மறைந்துவிடும். வயல், சீடர் மரம், மறுபடி வயல். ஆறாம் இலக்க நெடுஞ்சாலை ரொபமோரி என்ற சிறு துறைமுகத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் வலக்கைப் பக்கம் திரும்பினால் புரூஸ் குடாநாட்டுத் தேசியப் பூங்கா. வாகனத்தை நிறுத்திவிட்டுக் காட்டுப் பாதையில் அரை மணியோ முக்கால் மணியோ நடந்தால் மரங்கள் விலகி, ஜோர்ஜியன் குடா கண்முன் விரியும். அந்தக் கரையில், பாறைச் சுவரின் அடிவாரத்தில், அலை குடைந்த ஒரு குகை. பெயர் கிறொட்டோ.

குகைக்குள் ஒரு நீலக் குளம் இருக்கிறது. அதன் அடியில், வெளியே கிடக்கும் ஏரியோடு சேரும் ஒரு வாசல். வெயில் ஏறும்போது அந்த வாசலால் வெளிச்சம் புகுந்து, குளம் அடியிலிருந்து மேலாக ஒளிரும். நடக்கவும் குளிக்கவும் ஒரே இடத்தில் இவ்வளவு வாய்க்கும் கரை தென் ஒன்ராறியோவில் வேறு உண்டா என்பது சந்தேகம்தான்.

இந்த அழகை வர்ணிப்பது நம்முடைய வேலை அல்ல. அதை இன்ஸ்ரகிராம் எப்போதோ செய்து முடித்துவிட்டது. வந்த தொல்லையில் பாதியும் அதனால்தான். நாம் பேச விரும்புவது, அந்தக் குகையை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றி. பூங்காத் திணைக்களமா? ரொபமோரி ஊரவர்களா? அந்த மண்ணின் ஆதிக்குடிகளா? அல்லது ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் பிராம்ப்டனிலிருந்தும் போய், சில மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பும் நாமா? இதுவரை ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பை நோக்கிக் கைகாட்டிக்கொண்டிருக்கிறது.

இன்றைய நிலைக்கு எப்படி வந்தோம் என்பதை முதலில் பார்க்கலாம். இந்தத் தேசியப் பூங்கா 1987இல் அமைக்கப்பட்டது. நெடுங்காலம் அது முகாமிட வருபவர்களுக்கும் நடைப்பயணிகளுக்கும் மட்டும் தெரிந்த இடமாக இருந்தது. கைபேசிப் படங்கள் பரவத் தொடங்கிய பிறகு கூட்டம் பெருகியது. 2017இல் கனடாவின் 150ஆவது ஆண்டை முன்னிட்டுத் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி இலவசம் என்று அரசு அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் இலவசம் என்று அறிவித்தவர்கள் வாகனம் நிறுத்த எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தரிப்பிடம் காலையிலேயே நிரம்பி, பல மணி நேரம் ஓடி வந்த குடும்பங்கள் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பப்பட்டன. இப்போது கோடையில் கிறொட்டோவுக்குப் போக வேண்டுமானால் வாகனத் தரிப்பிடத்தை இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். ஒரு வாகனத்துக்கு நான்கு மணி நேரம். அதற்குள் போக வர நடைக்கே ஒன்றரை மணி நேரம்வரை கழிந்துவிடும்.

இந்த நான்கு மணி நேரக் கணக்கைப் பற்றி நம்மவர் மத்தியில் முணுமுணுப்பு உண்டு. இயற்கையைப் பார்க்கக்கூட நேரம் பிரித்துக் கொடுக்கிறார்களே என்று. முணுமுணுப்பில் நியாயமும் இருக்கிறது: நேரம் ஓடுகிறது என்ற பதற்றத்தில்தான் ஆட்கள் ஈரப் பாறையில் ஓடுகிறார்கள். ஆனாலும் மாற்று வழி என்ன என்று யோசித்தால், இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் கிறொட்டோவை இன்னும் சில வருடங்களில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். முன்பதிவை நாம் ஆதரிக்கிறோம். அதைச் சுற்றிப் போகும் தந்திரங்களை, அதாவது நெடுஞ்சாலை ஓரத்தில் வாகனத்தைச் செருகிவிட்டு நடப்பதை, நாம் எதிர்க்கிறோம். அப்படிச் செருகிய வாகனங்களால் ஒரு நோயாளர் காவு வண்டி தாமதித்தால் அந்தப் பழி யாரைச் சேரும்?

அந்தக் கரை எப்படிப்பட்ட கரை என்று தெரிந்தால், அங்கே ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்பதும் புரியும். கிறொட்டோவைத் தாங்கி நிற்கும் பாறை டொலமைற். ஏறக்குறைய 42 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய வட அமெரிக்கா நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருந்த காலத்தில், சூடான ஆழமற்ற கடலில் படிந்த பவளப் பாறை அது. இன்றும் அந்தக் கரையில் குனிந்து பார்த்தால் கல்லில் பவளத்தின் வடிவம் தெரியும். ஊரிலிருந்து வரும் மாமா மாமியை நாம் கட்டாயம் கூட்டிப்போகிற நயாகரா நீர்வீழ்ச்சி விழுவதும் இதே பாறை விளிம்பிலிருந்துதான். நயாகரா எஸ்கார்ப்மென்ற் என்று அதற்குப் பெயர். யுனெஸ்கோ 1990இல் அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பனியாறுகள் விலகிய பிறகு ஏரிகளின் மட்டம் பலமுறை ஏறி இறங்கியபோது அலைகள் அந்த விளிம்பைக் குடைந்தன. மென்மையான பகுதி கரைந்து போனது, கடினமான கூரை எஞ்சியது. கிறொட்டோ அப்படி உண்டானது.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தப் பாறையின் சுபாவத்தை விளக்க வேண்டியதில்லை. நம்முடைய குடாநாடும் இதைப் போன்ற சுண்ணாம்புக்கல்தான். மழைநீர் வெடிப்புகளால் இறங்கி, நிலத்துக்கடியில் ஓடி, கீரிமலையில் கடலுக்குப் பக்கத்தில் நன்னீராக வெளிவருகிறது. புரூஸ் குடாநாட்டிலும் ஏரிகளின் நீர் நிலத்துக்கடியால் குடாவை நோக்கி வடிகிறது. இத்தகைய நிலத்தில் மேலே ஊற்றியது எதுவும் மேலேயே நிற்காது. மணலில் வடிகட்டப்படுவதுபோல் அங்கே வடிகட்டப்படுவதும் இல்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம், சரியாகவே கொதித்தோம். அந்தக் கோபத்தைக் கிறொட்டோவுக்குப் போகும்போது வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா? பாறை இடுக்கில் கவிழ்க்கப்படும் இறைச்சிக்கறிக் குழம்பு, புதருக்குப் பின்னால் ஒதுங்குவது, வெயில் களிம்பு பூசிய உடனே தண்ணீரில் குதிப்பது, இவை எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கழிப்பறை வாகனத் தரிப்பிடத்தில் இருக்கிறது. நடை தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

செங்குத்துப் பாறை முகங்களில் ஒட்டி வளைந்து நிற்கும் சிறு சிறு வெள்ளைச் சீடர் மரங்களைப் பலரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆளுயரம்கூட இருக்காது, தண்டு கைப்பிடி மொத்தம். 1988இல் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் டக் லார்சனும் அவருடைய குழுவினரும் எஸ்கார்ப்மென்றில் இந்த மரங்களின் வளையங்களை எண்ணத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் என்று வந்தது. சில மரங்கள் ஆயிரத்தைத் தாண்டின. இராசராச சோழன் தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டிய காலத்தில் முளைத்தவை அவற்றில் உண்டு என்று சொன்னால் மிகையாகாது. மண் இல்லை, நீர் சொற்பம், ஆண்டுக்கு மயிரிழையளவு வளர்ச்சி. காடு வெட்டியவர்களுக்கும் காட்டுத்தீக்கும் எட்டாத இடத்தில் நின்றதால் தப்பிப் பிழைத்தவை. இப்போது அவற்றைத் தேடி வருவது துவாய் காயப்போடும் கயிறும், தூளிக் கட்டிலும், கீழே இறங்கும்போது பிடிமானத்துக்குத் தாவும் கைகளும். ஒரு கோடையில் ஆயிரம் பேர் பிடித்து இறங்கினால் அந்த வேர் எத்தனை நாள் தாங்கும்?

பாம்பைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். மசசாகா என்ற கிலுகிலுப்பைப் பாம்பு இந்தக் குடாநாட்டில் வாழ்கிறது. ஒன்ராறியோவில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே நச்சுப் பாம்பு அது, சட்டத்தால் பாதுகாக்கப்படுவது, கூச்ச சுபாவம் உள்ளது. பாம்பென்றால் உடனே தடி தேடும் கை நமக்கு ஊரிலிருந்து கூடவே வந்திருக்கிறது. அங்கே அந்தக் கையைக் கட்டிக்கொண்டு நாலடி விலகிப் போனால் போதும், அதுவும் தன் வழியில் போய்விடும்.

பாறையும் மரமும் பாம்பும் பெரும்பாலும் நம்மிடமிருந்து காக்கப்பட வேண்டியவை. தண்ணீர் அப்படி அல்ல. அதனிடமிருந்து நாம் காக்கப்பட வேண்டியவர்கள்.

ஜோர்ஜியன் குடாவின் நீர் எவ்வளவு தெளிவு என்பதைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தெளிவுதான் முதல் கண்ணி. நாலடி ஆழம்போலத் தெரியும் இடம் இருபதடி இருக்கும். காலை வைத்தால் தரை அகப்படாது. அடியில் கிடக்கும் பாறைகள் வீட்டளவு. மேலிருந்து குதிப்பவர் கண்ணுக்கு நீல வெளி தெரிகிறது; நீர் மட்டத்துக்கு மூன்றடி கீழே நீண்டிருக்கும் பாறைத் தட்டு, வெயில் சற்று மாறினால் தெரியாது. அங்கே உயிர்காப்பாளர் யாரும் இல்லை. குதிக்காதீர்கள் என்று பூங்கா சொல்வது தன்னைச் சட்டத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ள மட்டும் அல்ல.

இரண்டாவது கண்ணி குளிர். நமது முதல் தலைமுறையில் நீந்தத் தெரிந்தவர்கள் பலர் வல்வெட்டித்துறையிலோ முல்லைத்தீவிலோ மண்டைதீவிலோ கடலில் நீந்தியவர்கள். அந்தக் கடல் வருடம் முழுவதும் வெதுவெதுப்பு; உப்பு நீர் என்பதால் உடம்பை ஓரளவு தானே மிதக்கவைக்கும். ஜோர்ஜியன் குடா நன்னீர். ஜூன் மாதத்திலும் பத்துப் பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும் நாட்கள் உண்டு. ஓகஸ்ட்டில் மேல்நீர் சூடேறிய பிறகும், கரையிலிருந்து வீசும் காற்று ஓரிரவில் அதைத் தள்ளிவிட்டு அடியிலிருக்கும் குளிர்நீரை மேலே கொண்டுவரும். போன கிழமை போய்க் குளித்துவிட்டு வந்த தம்பி சொன்ன தகவல் இந்தக் கிழமைக்கு உதவாது.

குளிர்நீரில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதை மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிறெக்ற் பல வருடம் ஆராய்ந்தார். தன்னையே உறைநீரில் இறக்கியும் பார்த்தவர் அவர். அவர் பரப்பிய கணக்கு ஒன்று-பத்து-ஒன்று. பனிக்குளிர் நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம்; கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம்; நினைவு தப்ப ஒரு மணி நேரம். நம்மில் பெரும்பாலோர் உடம்பு உறைந்துதான் ஆட்கள் சாகிறார்கள் என்று எண்ணுகிறோம். உண்மையில் பலரின் உயிரைக் குடிப்பது அந்த முதல் நிமிடம். குளிர் தாக்கியவுடன் வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும்; அந்தக் கணத்தில் தலை நீருக்கடியில் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர். நல்ல நீச்சல்காரருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஆகவே குதிக்காமல், கரையைப் பிடித்தபடி மெல்ல இறங்கி, மூச்சு நிதானப்பட்ட பிறகே கையை விட வேண்டும். குகையின் நீருக்கடி வாசலால் உள்ளிருந்து வெளியே நீந்திப் போவது ஆம்பிளைத்தனம் என்று நண்பர் கூட்டத்துக்குள் பந்தயம் கட்டும் இளைஞர்களுக்கு இதைத் தனியாக உட்கார்த்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவில் நீரில் மூழ்கி இறப்பவர்களில் மிகப் பெரும்பான்மை ஆண்கள்.

மூன்றாவது, அலை. வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ காற்று வலுத்தால் குடா நேராகக் கிறொட்டோவுக்குள் மோதும். உள்ளே போன அலைக்குத் திரும்பி வர வழி ஒன்றுதான், அதே வாசல். பாறையில் ஏற முயல்பவரை அது உரசி இழுக்கும். அன்றைய நாள் குளிக்கும் நாள் அல்ல, பார்க்கும் நாள். 300 கிலோமீற்றர் ஓடி வந்து, முன்பதிவுக்குக் காசும் கட்டி, பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு நிற்கும்போது ஒரு தகப்பன் அந்த முடிவை எடுப்பது லேசு அல்ல. எடுத்துத்தான் ஆக வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பூங்காவுக்குள்ளேயே சைப்ரஸ் ஏரி இருக்கிறது. நீர் வெதுவெதுப்பு, கரை இறக்கம் மெதுவானது. குடாநாட்டின் மேற்குப் பக்கம் சிங்கிங் சாண்ட்ஸ் என்ற மணற்கரை இருக்கிறது. வெகு தூரம் நடந்தாலும் முழங்காலளவு தண்ணீர். கிறொட்டோவைக் கண்ணால் பார்த்துவிட்டு, அங்கே வந்து குளிக்கலாம்.

ஒருவர் விழுந்துவிட்டால் என்ன ஆகிறது என்பதை நகரத்தில் இருக்கும் நாம் யோசிப்பதில்லை. நமக்கு 911 என்றால் ஐந்தோ ஆறோ நிமிடம். அங்கே கைபேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் கிடைக்காது. யாராவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். வருபவர்கள் பெரும்பாலும் வடக்கு புரூஸ் குடாநாட்டு நகரசபையின் தன்னார்வத் தீயணைப்பாளர்கள். கடை வைத்திருப்பவர், படகோட்டி, தச்சர். சட்டைப்பையில் அலாரம் அடித்தவுடன் கைவேலையைப் போட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்களும் அதே முக்கால் மணி நேரப் பாதையில், கயிறும் தூக்குபடுக்கையும் சுமந்து நடந்துதான் வர வேண்டும். அல்லது குடாப் பக்கமாகப் படகில். நிலைமை மோசமென்றால் ட்ரென்ரனில் இருக்கும் விமானப்படைத் தேடல் மீட்புப் பிரிவின் ஹெலிகொப்டர். பெரிய மருத்துவமனை ஓவன் சவுண்டில், நூறு கிலோமீற்றருக்கு மேல். கணுக்கால் முறிந்த ஒருவரை வெளியே கொண்டுவர ஊரில் ஒரு டசின் பேரின் ஒரு நாள் போகிறது. அந்த நாளுக்கு நாம் அவர்களுக்கு எதுவும் கொடுப்பதில்லை.

இதை எழுதும்போது மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. கூட்டம் பெருகிய வருடங்களில், குறிப்பாக 2020இன் கொரோனாக் கோடையில், வெளியூரார்மீது எழுந்த முறைப்பாடுகளில் ஒரு பகுதி குப்பையைப் பார்த்து எழுந்தது. ஒரு பகுதி தோலைப் பார்த்து எழுந்தது. பாறையில் பியர் தகரம் வீசிய வெள்ளை இளைஞர் கூட்டம் “பொடியள்” ஆகவும், சோற்றுப் பொதி விரித்த தமிழ்க் குடும்பமும் பஞ்சாபிக் குடும்பமும் “இந்த ஆட்கள்” ஆகவும் ஆவதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். அதை மூடி மறைத்துவிட்டுப் பொதுப் பொறுப்பு பேசுவது பாசாங்கு. இந்த நாட்டின் தேசியப் பூங்கா நம்முடைய வரிப்பணத்திலும் நடக்கிறது. அங்கே நாம் விருந்தாளிகள் என்றால் ரொறன்ரோவிலிருந்து போகும் எல்லோரும் விருந்தாளிகள். ரொபமோரியின் உணவகங்களும் விடுதிகளும் படகுகளும் கோடையில் யாரால் நடக்கின்றன என்பது அந்த ஊரவர்களுக்கும் தெரியும். நம்மிடம் அவர்கள் எதிர்பார்க்கும் மரியாதையை அவர்களிடமும் நாம் எதிர்பார்க்கிறோம்.

உண்மையில், அந்த மண்ணில் விருந்தோம்பும் உரிமை யாருக்கு என்ற கேள்வி ரொபமோரிக்கும் முந்தியது. சாகீன் ஒஜிப்வே மக்களின் தாயகம் அந்தக் குடாநாடு. 1836இல் துணை ஆளுநர் பிரான்சிஸ் பொண்ட் ஹெட், தெற்கேயுள்ள பெருநிலத்தை அவர்களிடமிருந்து வாங்கும்போது, குடாநாட்டை வெள்ளைக் குடியேற்றத்திலிருந்து காப்பாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்தார். 1854இல் இன்னோர் ஒப்பந்தம் வந்தது. குடாநாட்டில் பெரும்பகுதி கை மாறியது. அவர்கள் வழக்குப் போட்டது 1994இல். 2021இல் ஒன்ராறியோ நீதிமன்றம், அரசு தன் வாக்கை மீறியது என்று தீர்ப்பளித்தது. வாக்குறுதியை நம்பி நிலம் இழந்த கதையை நாம் வேறொரு தீவில் வேறொரு மொழியில் கேட்டு வளர்ந்தவர்கள். பலாலியிலும் கீரிமலையிலும் இராணுவ வேலிக்கு வெளியே நின்று சொந்தக் காணியைப் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அதனால், கிறொட்டோவின் பாறையில் பெயர் கீறுவதற்கும் கல் அடுக்கி விளையாடுவதற்கும் முன்னர் நமக்கு மற்றவர்களைவிட ஒரு கணம் கூடுதலாகக் கை கூச வேண்டும் என்று நினைக்கிறோம்.

கிறொட்டோவை ஒட்டிப் போகும் நடைபாதை புரூஸ் ரெயிலின் ஒரு துண்டு. நயாகரா ஆற்றங்கரையின் குவீன்ஸ்ரனில் தொடங்கி ரொபமோரியில் முடியும் சுமார் 900 கிலோமீற்றர்ப் பாதை, 1967இல் திறக்கப்பட்டது, தன்னார்வலர்களால் பராமரிக்கப்படுவது. பூங்காக்களுக்கு வெளியே அந்தப் பாதையில் கணிசமான பகுதி தனியார் காணிகளுக்குள்ளால் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. உறுதி எழுதியல்ல, கைகுலுக்கி, வாய்வார்த்தையில் விவசாயிகள் விட்ட வழி. குப்பையும் கூச்சலும் அளவு மீறும்போது ஒரு காணிக்காரர் போதும் என்று சொன்னால் பாதை அந்த இடத்தில் அறுந்துவிடும். தன்னார்வலர்கள் மறுபடி வேறு வழி தேட வேண்டும். அப்படி அறுந்த இடங்கள் உண்டு. பொதுச் சொத்து என்று நாம் சுலபமாகச் சொல்வதில் பாதி, யாரோ ஒருவருடைய நல்ல மனத்தில் தொங்குகிறது.

இப்படி இருக்கையில் யார் என்ன செய்வது? அரசிடமிருந்து தொடங்குவோம், ஏனென்றால் படங்களைப் போட்டு ஆட்களை அழைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. தண்ணீர் எத்தனை பாகை, அலை எத்தனை அடி என்ற தகவல் முன்பதிவு செய்தவரின் கைபேசிக்கு அன்று காலையே வர வேண்டும். முக்கால் மணி நேரம் நடந்துபோய்ப் பலகையில் வாசிப்பதில் பயனில்லை. எச்சரிக்கைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும் இருந்தால், வான் நிறைய வரும் அப்பம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் அவை எட்டாது. படத்தால் சொல்லலாம், பிற மொழிகளிலும் சொல்லலாம். கார் இல்லாதவர்களுக்காக ரொறன்ரோவிலிருந்து பார்க்பஸ் என்ற பேருந்துச் சேவை பூங்காக்களுக்கு ஓடுகிறது. அதைப் போன்றவற்றைப் பெருக்கினால் தரிப்பிடச் சண்டையில் பாதி குறையும். மீட்புப் பணியின் செலவை ஒரு சின்ன நகரசபையின் தலையில் போட்டுவிட்டு மேலரசுகள் கைகழுவக் கூடாது.

நம் பங்குக்கு வருவோம். கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களிடையே நீந்தத் தெரியாதவர்கள் அதிகம் என்று உயிர்காப்புச் சங்கம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது வகுத்த மிகக் குறைந்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: எதிர்பாராமல் ஆழ்நீரில் விழுந்தால் திரும்பி மேலே வர வேண்டும், ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மிதக்க வேண்டும், 50 மீற்றர் நீந்த வேண்டும். பதக்கம் வாங்கும் நீச்சல் அல்ல, உயிரோடு கரை சேரும் நீச்சல். ஒன்ராறியோவில் பல பாடசாலைகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் கற்றுவிடுகிறார்கள். தகப்பனும் தாயும் கற்பதில்லை. பிள்ளை தத்தளிப்பதைக் கண்டு நீந்தத் தெரியாத தகப்பன் குதிப்பதும், ஒன்று இரண்டாவதும், இந்த நாட்டு ஏரிக்கரைகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

இங்கேதான் நமது சங்கங்களைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம். கோடை வந்தால் ஒன்றுகூடல். சட்டி நிறைய ஆட்டிறைச்சி, பெட்டி பெட்டியாய் ரோல்ஸும் மிதிவெடியும், கயிறிழுத்தல், கரப்பந்தாட்டம். நகரப் பூங்காக்களில் நடக்கும்வரை அது அருமையான வழக்கம். அதையே அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கிறொட்டோக் கரையில் இறக்கக் கூடாது. நாற்பது பேர் ஒன்றாகப் போய் இறங்க அந்தப் பாறைத் தட்டில் இடம் இல்லை. போவதானால் சின்னக் குழுவாக, வார நாளில், செப்ரெம்பரில். சமைத்த சாப்பாட்டை வரும் வழியில் மேசை உள்ள இடத்தில் சாப்பிட்டுவிட்டு, கரைக்குத் தண்ணீரும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு. பாட்டுப் பெட்டி வானிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும்போது கைபேசியைப் பையில் வைத்துவிட்டு அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெரியவரை முன்கூட்டியே நியமியுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில்தான் ஒருவரும் பார்ப்பதில்லை.

சங்கங்கள் ஆண்டுதோறும் இரவு விருந்துக்கும் மலருக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைக் குளிர்காலத்தில் ஒரு சமூக நிலையத்தின் நீச்சல் தடாகத்தை வாடகைக்கு எடுப்பதற்கு ஒதுக்கலாம். பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வகுப்பு. தடாகத்துக்கு வரக் கூச்சப்படும் அம்மாமார் சங்கத்து ஆட்களோடு என்றால் வருவார்கள். கோயில்களும் தேவாலயங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் இதில் சேர்ந்தால் சில வருடங்களில் நம் சமூகத்தின் கணக்கே மாறிவிடும். இதற்கு அரசின் அனுமதியோ நிதியோ காத்திருக்க வேண்டியதில்லை.

கிறொட்டோவின் வாகனத் தரிப்பிடத்துக்கான முன்பதிவு கோடைக்கு வெகு முன்னரே திறக்கிறது; கோடை வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. அந்த நாளுக்காகக் கணினியின் முன் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதே இருப்பில், வீட்டில் நீந்தத் தெரியாத ஒவ்வொருவரின் பெயரையும் பக்கத்துச் சமூக நிலையத்தின் நீச்சல் வகுப்பில் பதிந்துவிட்டு எழும்புங்கள்.